மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவன்

முத்தாண்டிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இசைப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் உன் பேண்டுக்காரர்களும் நலமாக பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். விழா நடந்த அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், வாயை மட்டும் திறப்பதில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் கடிதம்.

சுரங்க டவுன்ஷிப் விழாவில் நீ பாடியபோது நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் கலியமூர்த்தி. நான் ரிட்டயர் ஆகும்வரை நாம் இருந்த குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரர், ஞாபகம் இருக்கும். "பாடிக்கினு நிக்கிறது உங்க பொண்ணு மாதிரியே இருக்குதுங்களே" என்றார். "அது வேற யாரோ" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நீ மைக்கில் பேச ஆரம்பித்துவிட்டாய். நைட் ஷிப்டு முடித்துவிட்டு அப்பா தூங்குவார், அவர் விழித்துவிடக் கூடாது என்று ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரைச் சொருகாமலே கிட்டார் பழகினேன் என்றாய். "இன்னிக்கி இங்கதான் இருக்காரு. அப்பா, ஒரு தடவ எழுந்து நில்லுங்கப்பா" என்றாய்.

கூட்டமே திரும்பித் தேடியது. அம்மா என் கையைக் கிள்ளினாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து உட்கார்ந்தே இருந்தேன். "ஷிப்டுக்குப் போயிட்டாரு போல" என்று நீ சிரித்துச் சமாளித்தாய். என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

பதினோரு வருடம் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவன் நான். அதுவரை 'டேய்' என்றவர்கள் நான் பர்மனென்ட் ஆன மறுநாள் 'தனகோட்டி சார்' என்றார்கள். உன் தாத்தா மேளத்தோடு சாவு வீட்டு வாசல்களில் நின்றவர். அதெல்லாம் முடிந்தது என்று நான் நிமிர்ந்தபோது, நீ இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போனாய். யார் கேட்டாலும் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி, பர்மனென்ட் என்றேன்.

அந்தப் பொய்க்கு இருபது வருடம் தீனி போட்டேன். ஹோட்டல்களில் குடிப்பவர்கள் நடுவே நீங்கள் ராக் வாசித்த காலத்தில் 'டிரெயினிங்' என்றேன். விளம்பரங்களுக்கு நீ மெட்டுப் போட்டு, பேர் வேறொருவருக்குப் போனபோது 'பிராஜெக்ட்' என்றேன். உங்கள் ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனியை இழுத்து மூடியதில் பாட்டுகளின் உரிமையும் உங்கள் கையை விட்டுப் போனதே, அந்த வருடம் நீ போனில் அழுதாய் என்று அம்மா சொன்னாள். நான் வெளியே 'வேற கம்பெனி மாறிட்டா' என்றேன். ஜெர்மனிக்கு வாசிக்கப் போனாய். 'கம்பெனியே அனுப்புது, ஆன்சைட்' என்று பிளாக் முழுக்க ஸ்வீட் கொடுத்தேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் மட்டும் நிஜம்.

இதற்கிடையே கலியமூர்த்தி, தன் மகள் சங்கீதாவின் பயோடேட்டாவை உன் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் பீரோவில் ஒளித்து வைத்தேன். அந்தப் பெண் ஒரு வருடம் பதிலுக்குக் காத்திருந்தாள். நேற்று அதை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணு கூப்புட்டுக்கினே நின்னுதே, ஏன் சார் எழுந்துக்கல?" என்று மட்டும் கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நைட் ஷிப்டு முடிந்த அந்தக் காலைகளில் நான் தூங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் 'போய்ப் படி' என்று அதட்ட வேண்டிவரும், நீயும் நிறுத்திவிடுவாய். அதனால் திறக்கவில்லை.

அடுத்த மாதம் புதுச்சேரியில் வாசிக்கிறீர்களாமே. அம்மா யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது. நானும் வரலாமா? வேண்டாம் என்றால் அப்படியே எழுது. வெளியே நின்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன். வரலாம் என்றால், மேடையிலிருந்து நீ என்னைக் கூப்பிட வேண்டாம்மா. முதல் பாட்டிலிருந்தே நின்றுகொண்டிருப்பேன்.

நீ நீண்ட ஆயுளோடு, சத்தமாக வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தனகோட்டி