பார்டர்லதான் இருக்கு, அப்பா

அன்புள்ள அப்பா,

எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். உங்களைப் பற்றிய உண்மையும் இதில் வரும்.

போன வாரம் அம்மா கடலூரில் ஒரு மருத்துவ முகாமுக்குப் போய்விட்டுச் சிதம்பரம் திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே, "ஒண்ணும் இல்லடி, பிரஷர் லேசா பார்டர்லதான் இருக்கு" என்றாள். நான் எதுவும் கேட்கவே இல்லையே. ரிப்போர்ட் எங்கே?

மாமா சிரித்தார். "பார்டரத் தாண்டுனாத்தான சுடுவாங்க? ஒம் பொண்ணு போலீசு மாதிரி நிக்கிறாளேக்கா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் இதே வார்த்தையைத்தானே சொன்னார்கள்?

ரிப்போர்ட் புடவை மடிப்புக்குள் இருந்தது. ரத்த அழுத்தம் மட்டுமில்லை, சர்க்கரையும் பார்டர், கொழுப்பும் பார்டர். பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். இடுப்பு பெருத்து, உடம்பு சர்க்கரையைச் செலவழிக்கத் திணறும்போது இவையெல்லாம் சேர்ந்தே ஏறுமாம். தனித்தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். சேர்த்துப் பார்த்தால்? அம்மா கழுத்துக் கறுப்பை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கிறாளே, அதுகூட அழுக்காக இல்லாமல் இந்தச் சர்க்கரைக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம்.

இன்று கேட்டேவிட்டேன். "ஏம்மா ஒளிச்ச?"

"மாத்திர எழுதிக் குடுத்துருவாங்கடி. ஒங்கப்பா நல்லாத்தான் இருந்தாரு. மாத்திர ஆரம்பிச்ச மாசமே போயிட்டாரு. நானும் போயிட்டா ஒனக்கு யாரு இருக்கா?"

இரண்டு வருடமாக அம்மா அந்த மாத்திரையைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். எனக்கு உங்கள்மேல் சந்தேகம். காலையில் "போட்டாச்சு" என்பீர்கள். மாத்திரையோடு நீங்கள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் நீங்கள் வேலை பார்த்த கம்பெனிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையைப் பரணிலிருந்து இறக்கி, உள்ஜிப்பைத் திறந்தேன். இரண்டு அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை.

பார்டர்தானே என்று விட்டுவிட்டீர்களா? இனி யாரிடம் கேட்பது?

அம்மா அட்டையை வாங்கி ஒவ்வொரு குமிழாகத் தடவிப் பார்த்தாள். "பொய் சொல்லிட்டுப் போயிருக்காரு பாரு, மனுசன்." திட்டினாளா அழுதாளா, தெரியவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு அவளே கேட்டாள்: "வெறும் வயித்துலதான ரத்தம் எடுப்பாங்க?"

நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மாத்திரை கொடுத்தால் அவள் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பேன். நடக்கச் சொன்னால் தினமும் கூடவே நடப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. கோபம் தீர்ந்ததும் இன்னும் நல்லபடியாக எழுதுகிறேன்.

விடியற்காலை எழ வேண்டுமென்று அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.

உங்கள் மகள்,
கயல்