முடிச்சுட்டு வா

பெரியநாயக்கன்பாளையம்,
புதன்கிழமை காலை.

அன்புள்ள அம்புஜத்துக்கு,

சீனிவாசலு எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. சுகர் மாத்திரையை விடாமல் போடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன், அதற்கப்புறம் இதுதான். கூரியரில் போடுகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். நேற்றிலிருந்து நாலு முறை போனைக் கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் 'சாப்பிட்டாயா' என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வராது என்று உனக்கே தெரியும். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து கேட் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ பயிற்சிக்குப் போயிருக்கும் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருபது வயசுப் பையன் ஒருவன் உன் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாய் என்றாய். பெரிய டாக்டர் இரண்டு நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார் என்றாய். இந்தப் படிப்பு எனக்கு ஆகாதுங்க, ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாய். நான் "இன்னும் மூணு வாரந்தானே அம்மணி, முடிச்சுட்டு வா" என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டாய்.

போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை பட்டறையில் லேத்தில் நின்று, மூன்று பம்ப் ஷாஃப்டை அளவுக்கு மேல் கடைந்து பாழாக்கினேன்.

நேற்று மத்தியானம் நம் பட்டறைச் சின்னான் என்னிடம் வந்து நின்றான். "ஏனுங்ணா, அக்கா எப்ப வருவாங்க? மனசுக்கு வைத்தியம் பாக்கறதுக்குப் படிக்கறாங்கல்லங்க, ஒரு வார்த்தை கேக்கோணும்" என்றான். அவனுடைய மகள் ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள் இல்லையா, அவளைப் பற்றி. "மூணு நாளா ஊட்டுக்கு வாரேன்னு அழுகறாளுங்க. பரீட்சை கிட்ட வந்துருச்சு, முடிச்சுப்போட்டு வா கண்ணுன்னு சொல்லிப்போட்டேனுங்க. நாஞ் சொன்னது சரிதானுங்களே?" என்று கேட்டான்.

மெஷினை நிறுத்தினேன். கையைக்கூடக் கழுவவில்லை. வா போகலாம் என்று காரில் ஏற்றினேன். எங்கீங்க எங்கீங்க என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஈரோட்டுக்கு என்றேன். அன்னூர் தாண்டினோம். பிறகு அவனே கேட்டான், பரீட்சை இருக்கிறபோது இத்தனை அவசரமாகப் போக வேண்டுமா என்று. அப்போது அவனிடம் ஒன்று சொன்னேன். அம்புஜம், அதை முதலில் உனக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நம் பையன் ரவிதேஜா நம்மை விட்டுப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, ஹாஸ்டலிலிருந்து பட்டறை போனுக்குக் கூப்பிட்டான். "நைனா, ஒரு வாரம் ஊட்டுக்கு வந்துட்டுப் போகட்டுங்களா?" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. லேத் ஓடிக்கொண்டிருந்தது. "செமஸ்டருக்குப் பத்து நாள்தானே இருக்கு, முடிச்சுட்டு வா" என்றேன். "சரிங்க நைனா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. மூன்றாம் நாள் காலையில் ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டார்.

ஏன் இப்படிச் செய்தான் என்று நீ அவன் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாய். கூடப் படித்தவர்கள், வார்டன், வாத்தியார்கள் என்று எல்லோரையும் பிடித்து, கடைசியாக என்ன பேசினான் என்று விசாரித்தாய். என்னை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. அடுத்த வருஷம் நீ எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சேருகிறேன் என்றபோது, நாற்பத்தாறு வயசில் காலேஜா என்று வீடு அதிரக் கத்தினேன். உன் வயசு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. படித்துப் படித்து ஒருநாள் என்னைக் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம்.

பாடத்துக்குப் பழக வேண்டும் என்று சாப்பாட்டு மேஜையில் போனை ரெக்கார்டில் வைத்து, "இப்ப உங்க மனசுல என்னங்க ஓடுது?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? பசிதான் ஓடுது என்று சிரித்தேன். நீயும் அதை அப்படியே எழுதிக் கொடுத்தாய். அன்றைக்கு நிஜமாகவே வாய் வரைக்கும் வந்தது.

காரில் எல்லாவற்றையும் கேட்ட சின்னான், "வேகமாப் போங்கண்ணா" என்று மட்டும் சொன்னான்.

அந்தப் பெண் பையைக் கட்டி வைத்துக்கொண்டு ஹாஸ்டல் கேட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வருவது அவளுக்குத் தெரியாது. எங்கே கிளம்பினாய் என்று சின்னான் வாயைத் திறந்தான், நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்பனைப் பார்த்ததும் அவன் தோளில் முகத்தை வைத்தவள்தான், வெகுநேரம் எடுக்கவில்லை. பின் சீட்டில் படுத்து வழியெல்லாம் தூங்கினாள். என்ன நடந்தது என்று இன்னும் சொல்லவில்லை. அவள் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். உன் பேராசிரியை கரோலின் மேடத்துக்குப் போன் செய்தேன். தாமதிக்காமல் கூட்டி வரச் சொன்னார். இன்று காலையில் மூன்று பேரும் போயிருக்கிறார்கள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வர வேண்டும் போல் இருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு கிளம்பு, ஸ்டேஷனில் நான் நிற்பேன். படிப்பை அடுத்த வருஷம்கூடத் தொடரலாம். ஆனால் நான் தனியாக இருக்கிறேன் என்றோ, எனக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை என்றோ வராதே. அந்தப் பையன் எதிரே மறுபடி உட்கார முடியும் என்று தோன்றினால் உட்கார். இரண்டில் எது என்று நான் சொல்லப் போவதில்லை. இதையெல்லாம் படித்த பிறகு என் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை என்றாலும் சொல்லிவிடு. கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. மேடத்திடம் பேசி முடித்தும் போனை வைக்க மனசு வரவில்லை. வயசானவங்களும் வரலாமுங்களா என்று கேட்டேன். யாருக்குங்க என்றார். எனக்குத்தானுங்க என்றேன். கோயமுத்தூர் ஆர்.எஸ். புரத்தில் கவுன்சலிங் பார்க்கும் ஒருவரிடம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நேரம் வாங்கித் தந்தார். அங்கே போய் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என் மகன் பெயர் ரவிதேஜா என்று முதலில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

காரமடை ரங்கநாதர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, நீ எந்த வேலையில் இருந்தாலும், ஒரு நிமிஷம் என்னை நினைத்துக்கொள்.

உன்,
சீனிவாசலு