ஜன்னலோரக் கட்டிலும் என் பட்டப்படிப்பும்

பாசத்துக்குரிய புஷ்பா அக்கா,

முதலில் நல்ல செய்தி. நான் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டேன். டிப்ளோமாவோடு நின்றுவிடாதே என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தீர்களே, அதற்குப் பலன் கிடைத்துவிட்டது. ஆனால் எந்தப் படிப்பு என்று முடிவு செய்த கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

நாம் வருஷக்கணக்கில் சேர்ந்து வேலை பார்த்த வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில், நோயாளியாக நீங்கள் கண்மூடினீர்கள். அதன்பின் அந்தக் கட்டில் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. மாக் மண்டின் ஃபேக்டரியிலிருந்து களைத்து வரும் என் வீட்டுக்காரர் சேகர்கூட அதைக் கவனித்துவிட்டார்.

“ஹெல்த் மேனேஜ்மென்ட் டிகிரி எடுத்துக்கோலா. ஷிப்ட் இல்ல, ஆபீஸ் வேலை. அந்த வார்டே உனக்கு வேணாம்,” என்றார்.

நர்சிங் பட்டம் என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை உயரலாம். ஆனால் கட்டில்களை விட்டு விலக முடியாது. நானும் ஆபீஸ் பக்கமே மனதைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் காசிம் பாய் வந்தார். நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர். காய்ச்சலோடு அன்று காலைதான் சேர்ந்திருந்தார். அவருக்கு அந்த ஜன்னலோரக் கட்டில். மத்தியானம், வெளியே நல்ல மழை. மனமில்லாமல்தான் மருந்து கொடுக்கப் போனேன். அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார்.

“மிஸ்ஸி, அந்த உயரமான நர்ஸ் மிஸ்ஸிய உக்காரச் சொல்லுங்க. ரொம்ப நேரமா நிக்கிறாங்க.”

திரும்பினேன். யாரும் இல்லை.

“யாரு பாய்?”

“என் கையப் புடிச்சுப் பாத்தாங்களே, அவங்கதான். கை ஐஸ் மாதிரி. ‘மெஷினப் பாக்க வேணாம், மூச்ச எண்ணச் சொல்லுங்க கோமுகிட்ட’ன்னாங்க. யாரு அது கோமு?”

என் பெயர் அட்டையில் கோமதி என்றுதான் இருக்கிறது. வார்டில் என்னைக் கோமு என்று கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தானே, அக்கா?

பாயின் மார்பைப் பார்த்து மூச்சை எண்ணினேன். கட்டிலருகே இருந்த இயந்திரத்தில் ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் எல்லாம் சரியாக இருந்தது. மூச்சு மட்டும் ஓட்டமாக ஓடியது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து நிற்கும்போதே பாயின் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கிவிட்டது.

“நல்ல வேளை, சீக்கிரம் சொன்னீங்க. காய்ச்சல்ல உருவம் தெரியறது சகஜம், சிஸ்டர்,” என்றார் டாக்டர், பாய் பார்த்ததை நான் சொன்னதும். சகஜம்தான், நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயர்?

பாய் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “இவங்கள எனக்குத் தெரியாதே,” என்றார். சொல்லும்போதே, ஐஸ் பட்டதுபோலக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

பாயின் உடம்பு உள்ளே சரிந்துகொண்டிருந்தபோது இயந்திரம் ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தது? என் டிப்ளோமாவில் அதற்குப் பாதிப் பதில்தான் இருந்தது. மீதியைத் தெரிந்துகொள்ளாமல் ஆபீஸ் நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. நர்சிங் பட்டத்துக்கே விண்ணப்பம் போட்டுவிட்டேன். சேகர் எந்தெந்த நாள் வகுப்பு என்று கேட்டுக்கொண்டார். பிறகு, “சரிலா, க்ளாஸ் நாள்ல பிள்ளைங்கள நான் பாத்துக்குறேன்,” என்றார்.

படித்து முடித்தாலும் நோயாளியின் பக்கத்தை விட்டுப் போக மாட்டேன், அக்கா. இது சத்தியம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த முறை வந்தால் நோயாளியிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், என்னிடமே பேசுங்கள். பயப்படுவேன். ஆனாலும் ஓட மாட்டேன்.

கூடப்பிறக்காத உங்கள் தங்கை,
கோமதி
கெலுகோர், பினாங்கு