வலியில்லை என்று திருத்திய தாள்

என் மனைவிக்கு,

நான் "வலிக்கிறது" என்று எழுதிக் கொடுத்த தாளில் மேலாளர் "வலியில்லை" என்று திருத்திவிட்டார். உன் முழங்கால் இப்போது தேவலையா?

காதுமடலைக் கவ்வி நிற்கும் ஹெட்போனை நாள் முழுக்க மாட்டிப் பார்த்துச் சொல்வதுதான் இங்கே என் வேலை. அதன் வளைவைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். "பெரியவரே, டிசைன் புதுசு, உங்க காதுதான் பழசு" என்று சிரித்தார். மடல் லேசாகப் புண்ணாகியிருக்கிறது, பயப்படாதே. ஹெட்போனுக்கு அச்சு வார்த்துவிட்டார்கள், இனி யார் சொன்னாலும் மாறாது.

இது காதுத் துளையை அடைக்காததால் பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்குமாம். கூப்பிடத்தான் ஆளில்லை.

நான் எழுதிய "வலிக்கிறது" என்பதையே மேலாளர் திரும்பப் போட வேண்டும். அதுவரை அந்தத் தாளில் நான் கையெழுத்திட மாட்டேன். வேலை போனால் போகட்டும். நம் பெரிய மகன் என் காதுப் புண்ணுக்குக் களிம்பு அனுப்பட்டும். நீ ஒருமுறை "ஏங்க" என்று கூப்பிட்டு, குரலைப் பதிவு செய்து அனுப்பு.