தோளுக்கு மேல்

மார்ச் 3
இல்லை, வலி அல்ல. வலியென்றால் சொல்லியிருப்பேன். அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் ஒரு கயிறு. கையைத் தூக்கினால் விறைக்கிறது. புற்றுநோயென்று இடது மார்பை எடுத்தார்கள், சரி. இந்தக் கயிற்றை யார் உள்ளே வைத்தது?

மார்ச் 4
பிசியோதெரபிஸ்ட் ஜோன் என் கையை உயர்த்திப் பார்த்தாள். தோளோடு நின்றுவிட்டது. மார்பை எடுத்தவர்களுக்கு அக்குளில் இப்படிக் கயிறு திரிவது உண்டாம்.
"வீட்ல பயிற்சி பண்றீங்களா, இல்ல கைய மியூசியத்துல வெச்சிருக்கீங்களா?"
கதிர்வீச்சு மேசையில் கை தலைக்கு மேல் கிடக்க வேண்டும். இருபத்தேழாம் தேதி அளவெடுப்பு. கை ஏறாவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும். தள்ளிப்போனால்?

மார்ச் 6
என்னைப் பார்த்துக்கொள்ள ரெஜைனா நகரத்திலிருந்து வந்த நாள்முதல் டாரியா அக்கா என்னை எதையும் தொடவிடுவதில்லை. தலை வாரிவிடுகிறாள். ஸ்வெட்டர் மாட்டிவிடுகிறாள். தையல் பிரிந்துவிடுமாம். தையல் எப்போதோ ஆறிவிட்டது. பயிற்சிக்காகச் சுவரில் விரல்களை மேலே நடத்தினால் சமையலறையிலிருந்து குரல்:
"போதும்டி லெஸ்யா! இந்த நோய்க்கு அம்மாவ வாரிக் குடுத்தது பத்தாதா?"
கையை இறக்கிவிட்டேன். இறக்குவது சுகமாக இருக்கிறது. அதுதான் பயம்.

மார்ச் 9
கண் உயரம் வரை. அதற்கு மேல் வெறும் சுவர்.

மார்ச் 11
கத்திவிட்டேன். "நீ ஊருக்குப் போ அக்கா. நீ இருக்கிற வரைக்கும் இது செத்த கைதான்."
"போறேன். பனியில அத்தனை தூரம் கார் ஓட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."
போய்விட்டாள். பெரோகி கொழுக்கட்டை டப்பாக்களைத் தலைக்கு மேல் உயரத்திலிருக்கும் ஃப்ரீசரில் அடுக்கியிருக்கிறாள். வேண்டுமென்றேவா? பழக்கத்திலா? வலக்கையால் எடுத்தேன். தோற்றேன்.

மார்ச் 15
யாருமில்லாத வீடு. விரல்கள் ஏறின — கயிறு இழுத்தது — ஐயோ, என்ன இழுப்பு. வாய்விட்டு அழுதேன். போதும்னு சொல்ல ஆளில்ல. இழுக்கிற இடத்தில் நின்று மூச்சு விடு, கிழிக்காதே என்றிருந்தாள் ஜோன். கிழிஞ்சா என்ன? அப்படி நினைத்ததும் பயந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 21
நெற்றி உயரம். தலைமயிர். இன்று வேறெதுவும் செய்யவில்லை.

மார்ச் 27
மேசை சில்லென்றிருந்தது. கையைத் தலைக்குப் பின்னால் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். கயிறு இழுத்தது. கை விழவில்லை.
"அசையாதீங்க" என்றான் ஒருவன், கதிர் படவேண்டிய இடத்துக்கு அடையாளமாகத் தோலில் புள்ளியாகப் பச்சை குத்தியபடி. கண்ணீர் காதுக்குள் ஓடியது, துடைக்க முடியவில்லை.
வெளியே வந்தேன். காரில் உட்கார்ந்து டாரியா அக்காவுக்கு போன் செய்தேன். "கை ஏறிடுச்சு அக்கா" என்றேன்.