சோற்றுக்கு முன் ஓர் அழைப்பு

ஹாங்காங்

பையன்களின் அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். இன்று வெள்ளைக்கார அதிகாரி வந்திருந்தார். விலைக்கு வாங்கிய சிறுமிகளை வேலைக்கு வைத்திருக்கிறோமா என்று வீடு வீடாக விசாரிக்கிறார்கள். நீங்கள் வாங்கி வந்த யிங்கைக் காட்டி, "யார் இது?" என்றார். "என் மகள்" என்றேன், நீங்கள் சொல்லித் தந்தபடியே. யிங் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டு வேளையில் தனக்கும் ஒரு கிண்ணத்தை மேசையில் வைத்தாள். பெரியவர்களை அழைத்துவிட்டுத்தானே நம் பிள்ளைகள் சோற்றைத் தொடுவார்கள். அதேபோல், "அம்மா, சாப்பிடுங்க" என்றாள்.

பையன்கள் என்னையே பார்த்தார்கள். அவளுடைய கிண்ணத்தை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டேன்.

பின்னாலேயே வந்தாள். "கோவிச்சுக்காதீங்க, எசமானி. அந்தத் தொர வந்தா மட்டும் அப்படிக் கூப்பிடறேன்."

மீன் நன்றாகத்தான் வெந்திருந்தது. என் பங்கை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பையன்களுக்கு மட்டும் அம்மா