கிருஷ்ணராஜ் சார் பேசிக் காட்டிய குரல்

ஜூலை 7

இன்று முதல் எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். தமிழில் எழுதினால் என் வகுப்பில் யாராலும் படிக்க முடியாது. அதுவும் ஒரு வசதி.

கன்னட எழுத்தாளர் கிருஷ்ணராஜ் சார் எங்கள் பள்ளிக்கு வருகிறார்! அவர் கதையில் ஒரு பக்கத்தை அவர் முன்னாலேயே படிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவருடைய மழைக் கதைகளால்தான் எனக்குக் கன்னடமே பிடித்தது. விஜயநகரில் தான் வேலை செய்யும் வீடுகளிலெல்லாம் அம்மா சொல்லிவிட்டாள்.

ஜூலை 9

கன்னடம் எடுக்கும் சௌம்யா மிஸ் பக்கத்தைக் கொடுத்தார். நான் படித்திராத கதை. வீட்டு வேலைக்கு வரும் ஒரு தமிழ்க்காரி. குளிக்க மாட்டாள். மடியில் தேங்காயை ஒளித்துக்கொள்வாள். அவளுடைய உடைந்த கன்னடம்தான் வேடிக்கை. “இந்தக் கூட்டமே இப்படித்தான்” என்று முடிகிறது. கதையில் வரும் யாரும் அதைச் சொல்லவில்லை. அவரே சொல்கிறார்.

ஜூலை 10

வேறு பக்கம் படிக்கட்டுமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன்.

“அது தமாஷ்டீ. உன்னையா சொல்றார்? தமிழ்ப்ரியான்னு பேர் இல்லேன்னா நீ தமிழ்ப்பொண்ணுன்னே தெரியாது!”

பாராட்டுத்தானே? பிறகு ஏன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன்?

அப்பாவிடம் சொன்னேன். “பெரிய மனுசங்க எழுதுனதுக்கு நாம என்ன சொல்றது? படிச்சுப்போட்டு வா. அம்மாகிட்டச் சொல்லாத.”

ஜூலை 11

நாளை சார் வருகிறார். காய்ச்சல் வருகிறதா என்று கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். வரவில்லை.

ஜூலை 12

படித்தேன். வேலைக்காரியின் பேச்சை மட்டும் இழுக்காமல் சாதாரணமாகப் படித்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். சார் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, “அவள் இப்படி அல்லவா பேசுவாள்!” என்று மூக்கால் இழுத்துப் பேசிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் படிப்பதைக் கேட்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்தாள் — பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து.

சார் காலில் விழுந்தேன். ஏன் விழுந்தேன்? எல்லாரும் விழுந்தாங்க.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அம்மா கேட்டாள்.

“என்ற கன்னடமும் அப்படித்தான் இருக்குதா கண்ணு?”

“இல்லம்மா.”

அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 14

மழைக் கதைகளை எடுத்தேன். முதல் வரியே அந்த மூக்குக் குரலில் கேட்டது. மூடிவிட்டேன்.

ஜூலை 18

நாளை பெற்றோர் கூட்டம். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. எப்போதும் அம்மாதான் வருவாள். மிஸ்ஸோடு பேச ஆரம்பித்தால் கிளம்பவே மாட்டாள்.

“வாரேன். ஆனா அங்க நீயே பேசிக்க. நான் சும்மா நிக்கறேன்” என்றாள்.

“பேசும்மா” என்றேன்.

“படு கண்ணு.”

லைட்டை அணைத்துவிட்டாள்.